ஒரு முழு ஆட்டம்

ஃபின்டன் டார்ப்பியின் இடது முழங்கால் அவனுடைய முப்பத்தேழாவது வயதில் போயிற்று. யாரும் அடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஏப்ரல் மாதத்து ஈரத்தரையில், சாதாரணப் பயிற்சி ஆட்டத்தில், தலைக்கு மேல் போன பந்துக்காகத் திரும்பினான். உடம்பு திரும்பியது, பாதம் சேற்றில் நின்றுவிட்டது. 'டொப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் யாரோ பந்தை அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, பந்து எங்கே போயிற்று என்று தேடினான். தேடிக்கொண்டிருக்கும்போதுதான் தான் தரையில் கிடப்பது தெரிந்தது.

"எழுந்திரிடா, கன்னுக்குட்டிக்கெல்லாம் அப்பனே! சாயங்காலம் மாடு காத்துக்கிட்டு இருக்கும்ல?" என்று கோல் வாசலிலிருந்து மோஸி கத்தினான். கில்டாலன் அணியின் கோல் காவலன் அவன்; வாய் மூடாதவன். ஃபின்டன் எழுந்திருக்காததைப் பார்த்து அவனும் வாயை மூடிக்கொண்டான்.

ஃபின்டனின் தொழில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. கில்டாலனைச் சுற்றியுள்ள எழுபது பண்ணைகளுக்கும் அவன்தான். கல்யாணமாகாதவன் என்பதால் இந்த வேலையை வைத்து ஊரில் செய்யப்படாத கேலி இல்லை. அவனும் சிரிப்பான். மட்டையாலும் கையாலும் பந்தை ஆடும் ஹர்லிங் ஆட்டத்தில் அவனுக்கு இடம் கோல் வாசலுக்கு முன்னால், கடைசித் தடுப்பு. ஆறு வயதில் மட்டையைப் பிடித்தவன், பத்தொன்பது வருடம் ஊரின் இரண்டாம் அணிக்கு அதே இடத்தில் நின்றான். நல்ல ஆட்டக்காரன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. நகரமாட்டான் என்றுதான் சொல்வார்கள். அவனைத் தாண்டிப் பந்து போகலாம். ஆள் போக முடியாது.

அன்றைக்கு அவனைத் தூக்கிப்போக ஸ்ட்ரெச்சர் வைத்திருந்த அலமாரியின் சாவி கிடைக்கவில்லை. பக்கத்து வயலின் ஆட்டுப்பட்டிக் கதவைக் கழற்றி வந்து, அதில் படுக்கவைத்து நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவில் ஆட்டு ரோமம் ஒட்டியிருந்தது. வாசலில் யாரோ "மே" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஃபின்டனும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு வந்த நாட்களில் காலின் வலியைவிட அந்தக் கதவுதான் அவனை அதிகம் உறுத்தியது. முப்பது வருடம் ஓடிய மைதானத்தைவிட்டு மல்லாந்து படுத்தபடி வெளியே வந்தது.

முன் தசைநார் அறுந்து, குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு முறை வர எட்டு மாதமாயிற்று. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து முட்டிக்குள் கட்டினார்கள். மருத்துவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: நடக்கலாம், மாட்டு வேலை பார்க்கலாம், ஆட்டம் வேண்டாம். நகரத்தில் ஒரு பிசியோ இருந்தாள், இருபத்தாறு வயதுப் பெண். அவளிடம் ஃபின்டன் மாதக்கணக்கில் மன்றாடினான்.

"ஒரே ஒரு ஆட்டம். முழுசா. அறுபது நிமிஷம் நின்னுட்டு, என் காலாலேயே நடந்து வெளிய வரணும். அப்புறம் மட்டைய அடுப்புல போட்டுடறேன்."

"ஒண்ணுதான். ரெண்டாவதுன்னு வந்தீங்கன்னா நான் கதவத் திறக்க மாட்டேன்" என்றாள் அவள்.

அந்த ஒன்றுக்காக அவன் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. பண்ணைக்காரர் மாட்டைப் பிடித்துக் கட்டும்வரை தொழுவத்தில் ஒற்றைக்காலில் நிற்பான். காரை மேட்டின் உச்சியில் நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து இறங்குவான். வீட்டுப் பின்வாசல் படியில் இடதுகாலை வைத்து ஏறி இறங்குவதை அவன் அம்மா நோனி ஜன்னலுக்குள்ளிருந்து எண்ணுவாள். எண்பதைத் தாண்டியவள். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிடும், மறுபடி முப்பதிலிருந்து தொடங்குவாள். அவனும் மறுபடி ஏறுவான்.

நோனி முப்பத்தொரு வருடம் ஊர் அணியின் ஜெர்சிகளைத் துவைத்தவள். ஆனால் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. மைதானத்துக்கு வருவாள், காரைச் சாலையைப் பார்த்து நிறுத்தச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "எனக்கு சேறு வந்து சேர்ந்தாப் போதும். யாரு ஓடினான், யாரு நின்னான்னு ஜெர்சி சொல்லிடும்" என்பாள். அந்த வருடம் வசந்தத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. ஏழு மைல் தள்ளியிருந்த நகரத்து முதியோர் மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். பேச்சு போய்விட்டது. ஃபின்டனின் அக்கா அட்ராக்டா நகரத்திலேயே மருந்துக்கடையில் வேலை பார்த்ததால் தினமும் இரண்டு வேளை போய் ஊட்டிவிட்டு வந்தாள்.

செப்டம்பரில் அரையிறுதி வந்தது. பாலின்ரோ ஊரோடு ஆட்டம். ஃபின்டன் ஆடலாம் என்று பிசியோ எழுதிக் கொடுத்துவிட்டாள். இவ்வளவு காத்திருந்த பிறகு, ஆட்டம் வைத்திருந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள் பாலின்ரோ அணித்தலைவரின் மாமனார் இறந்துபோனார்.

எங்கள் பக்கத்தில் ஹர்லிங் சங்கத்து ஆட்களின் வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஊர் ஆட்டம் நடக்காது. யாரும் கேட்கவேண்டியதில்லை, எதிரணியே போன் செய்து தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்பார்கள். மூன்று வாரம் கழித்து வேறு தேதி வைத்தார்கள். அந்த வாரம் கில்டாலனிலேயே சங்கத்தின் பழைய தலைவர் ஒருவர் டிராக்டரிலிருந்து இறங்கும்போது மாரடைப்பில் விழுந்தார். அதுவும் தள்ளிப்போயிற்று. அடுத்த தேதியில் மழை பெய்து மைதானம் குளமானது.

"இந்த ஜில்லாவுல யாருமே சாகாத சனிக்கிழமை ஒண்ணு வேணும்னு மேல ஒரு மனு போடணும்" என்றான் மோஸி, மதுக்கடையில். "ஃபின்டன், உன் முட்டிக்கு ராசி கிடையாதுடா. நீ ஆடப்போறேன்னு சொன்னாலே ஒருத்தன் மண்டையப் போடறான்."

"நாக்கக் கடி" என்றார் பேக்கி லூபி. அணியைப் பார்த்துக்கொள்பவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "நவம்பர் பதினாலு. அதுதான் கடைசி. அன்னிக்கு ஆடலைன்னா ரெண்டு டீமையும் போட்டியிலேர்ந்து கழிச்சுடுவாங்களாம். கடுதாசி வந்துருச்சு."

ஃபின்டன் கிளாஸைத் தள்ளிவைத்தான். அன்று காலைதான் விடுதியிலிருந்து அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் விடுதிக்குப் போனான். நோனி கண்ணை மூடியபடி, வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் சுவரில் இருந்த கடிகாரம் கேட்டது. பாதிரியார் காலையிலேயே வந்து கடைசி ஜெபம் சொல்லி எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். அட்ராக்டா முகம் துடைக்கத் துணி நனைத்துவரப் போயிருந்தாள். ஃபின்டன் குனிந்து அம்மாவின் காதருகே சொன்னான்:

"அம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் இரும்மா. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும். அப்புறம் உன் இஷ்டம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குக் கேட்டது. நிமிர்ந்தான். அட்ராக்டா ஈரத்துணியோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் வந்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு."

"நான் இங்க இருக்கேன். நீ போ."

அடுத்த நாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஃபின்டன் மைதானத்துக்கு வந்துவிட்டான். அவனுடைய முட்டி சூடேற நாற்பது நிமிடம் வேண்டும். தனியாக உடை மாற்றி, முட்டியில் பட்டை சுற்றி, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு வெளியே வந்தான். தூரத்துக் கோல் கம்பத்தருகே போய்ப் படியேறுவதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். மேகம் தாழ்ந்திருந்தாலும் மழை இல்லை. மற்றவர்கள் கார்களில் வந்து இறங்கி அறைக்குள் போனார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளேயே இருந்தார்கள். பேக்கி லூபி எதிரணியின் அறைக்குள் போய்விட்டு வெளியே வந்தார். பிறகு நடுவரைச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினார். சட்டை எண்ணில் ஏதோ தகராறு போலும் என்று ஃபின்டன் நினைத்துக்கொண்டான்.

அணி வெளியே வந்தது. மோஸி அவனைக் கடந்து கோல் வாசலுக்குப் போகும்போது தோளைத் தட்டினான்.

"நல்லா ஆடு, ஃபின்டன்."

பத்தொன்பது வருடத்தில் மோஸி அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. 'கிழட்டுக் காளை', 'நொண்டி', அதைவிட மோசமான பெயர்கள் எல்லாம் உண்டு. ஃபின்டனுக்குச் சிரிப்பு வந்தது. "என்னடா, சர்ச்சுக்குப் போயிட்டு வந்தியா?" என்றான். மோஸி தலைக்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு எதிரே நிறுத்தப்பட்டவன் செனன் ஹோகன். இருபத்திநான்கு வயது, பாலின்ரோவில் பால் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். உயரம், வேகம், முரட்டுத்தனம் எல்லாம் உண்டு. போன வருடம் இரண்டு தடுப்பாளர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் என்று பேச்சு. ஃபின்டன் பல நாள் காலையில் விழித்துக்கொண்டு இவனைத்தான் நினைத்திருந்தான். இவன் தோளால் மோதினால் முட்டி தாங்குமா என்று.

முதல் பந்து உயரமாக வந்தது. ஃபின்டன் இடதுகாலை ஊன்றி எழும்பினான். பத்தொன்பது மாதம் பயந்தது அந்த ஒரு நொடிக்குத்தான். பந்து கையில் வந்து விழுந்தது. இறங்கினான், முட்டி தாங்கியது, திரும்பி அடித்தான், பந்து நடு மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டாவது பந்தும் அவனுக்கே. மூன்றாவதும். தன் உடம்பு தன்னிடம் திரும்பி வந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. இளமையில்கூட இப்படி ஆடியதில்லை.

இருபதாவது நிமிடத்தில் இருவருக்கும் நடுவே ஒரு பந்து விழுந்தது. செனன் ஒரு எட்டு முன்னால் இருந்தான். குனிந்து எடுத்தால் அவனுடையது. அவன் மட்டையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டான். ஃபின்டன் எடுத்து அடித்தான். அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"என்னப்பா, சூரியன் கண்ணுல அடிச்சுதா?"

நவம்பர் மாதத்தில் எங்கே சூரியன். செனன் தரையைப் பார்த்தான்.

"என் முட்டி கண்ணாடின்னு யாராவது சொன்னாங்களா உன்கிட்ட? நான் ஊசி போடற கிடாரி கூட உன்னவிட வேகமா முட்டும்டா. வந்து மோது!"

"ஆட்டத்தப் பாருங்க, ஃபின்டன்" என்றான் செனன், மெதுவாக.

இடைவேளையில் ஃபின்டன் பேக்கியிடம் போனான். "அந்தப் பய எனக்கு விட்டுக்குடுக்கறான். அவங்க ட்ரெய்னர்கிட்ட சொல்லுங்க. நான் ஒண்ணும் முடவன் இல்ல."

பேக்கி ஆரஞ்சுத் துண்டு ஒன்றை நீட்டினார். "ஆடு, ஃபின்டன். இன்னும் முப்பது நிமிஷம். நல்லா ஆடிக்கிட்டு இருக்கே." அவர் கண் கலங்கியிருந்தது. குளிர்காற்று என்று நினைத்தான்.

இரண்டாம் பாதியிலும் அதேதான். செனன் ஓடினான், கூடவே வந்தான், முட்டும் இடத்தில் மட்டும் விலகினான். ஃபின்டனுக்கு முதல் பாதியின் சந்தோஷம் புளித்துப்போனது. பரிதாபத்தில் கிடைக்கிற பந்துக்காகவா படியில் ஏறி ஏறி இறங்கினோம்? நாற்பத்திரண்டாவது நிமிடம் செனன் பந்தை எடுக்கக் கையை நீட்டினான். ஃபின்டன் மட்டையை ஓங்கிக் கையின் மேலேயே இறக்கினான். பந்துக்காக அல்ல. இவன் ஒரு தடவையாவது திருப்பி அடிக்கட்டும் என்றுதான்.

எலும்பு ஒடிந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. செனன் கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு மண்டியிட்டான். கத்தவில்லை. பாலின்ரோ ஆட்கள் மூன்று பேர் ஓடிவந்தார்கள். வந்த வேகத்துக்கு ஃபின்டனைத் தரையில் போட்டு மிதித்திருக்க வேண்டும். அவனும் அதற்குத் தயாராகத்தான் நின்றான். ஆனால் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள். முன்னால் வந்தவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, திரும்பிப் போனான்.

நடுவர் வந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். வெறும் கையை வெளியே எடுத்தார்.

"அட்டை எங்க?" என்றான் ஃபின்டன்.

"பாத்து ஆடு."

"அவன் விரல உடைச்சிருக்கேன். சிவப்பு அட்டைதானே அதுக்கு? என்னைய வெளிய அனுப்புங்க!"

"உன் இடத்துக்குப் போப்பா" என்றார் நடுவர். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

அப்போதுதான் ஃபின்டன் முதல்முறையாகப் பார்வையாளர்களைப் பார்த்தான். இருநூறு பேர் இருப்பார்கள். யாரும் கத்தவில்லை. கிழவர்கள் அந்தக் குளிரிலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஊரில் யாரோ போய்விட்டார்கள். யார்? மேட்டு வீட்டு ஜேம்ஸி போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாரே, அவராக இருக்கும். இல்லை, மோஸியின் பெரியம்மா. படுக்கையில் கிடப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒரு பெயரை மட்டும் நினைக்காமல் தாண்டினான். அதைத் தாண்டியது அவனுக்கே தெரிந்தது.

செனன் எழுந்து கையில் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்து நின்றான். மாற்று ஆள் கேட்கவில்லை. ஃபின்டன் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பேக்கியைப் பார்த்துக் கையைத் தூக்கியிருந்தால் போதும். பதினெட்டு நிமிடம் மிச்சமிருந்தது. அவன் கேட்கவில்லை. கேட்டால் ஆட்டம் முடிந்துவிடும். வாயை இறுக்கிக்கொண்டு ஆடினான். முட்டிக்குள் ஏதோ நிரம்பிக்கொண்டே வந்தது. வந்த பந்தையெல்லாம் அடித்தான். கோல் வாசலில் மோஸி மூக்கை உறிஞ்சும் சத்தம் பின்னாலிருந்து கேட்டது. அதற்கும் அவன் திரும்பவில்லை.

விசில் ஊதியபோது கில்டாலன் இரண்டு புள்ளியில் ஜெயித்திருந்தது. யாரும் குதிக்கவில்லை. இரண்டு அணியும் நின்ற இடத்திலேயே நின்றன. கருப்புக் கோட்டும் சர்ச்சுக்குப் போடும் காலணியுமாக அட்ராக்டா சேற்றில் நடந்து அவனை நோக்கி வந்தாள்.

"எப்போ?" என்றான்.

"பன்னெண்டு நாப்பது."

அந்த நேரத்தில் அவன் உடை மாற்றும் அறையில் முட்டிக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். கைப்பேசி பக்கத்தில்தான் இருந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"பேக்கிக்கு நான்தான் போன் பண்ணேன். அவரு மத்தவங்களுக்கு சொன்னாரு. அந்த ஊர்க்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க."

"ஊருக்கே சொன்னே. எனக்குச் சொல்லலை."

"சொல்லியிருந்தா ஆடியிருப்பியா?"

"அது நான் முடிவு பண்ண வேண்டியது, அட்ராக்டா! என் அம்மா செத்துக் கெடக்கா, நான் இங்க... ஒருத்தன் கைய உடைச்சுக்கிட்டு…"

அட்ராக்டா ஓரடி நெருங்கி வந்தாள்.

"நேத்து நீ அவ காதுல கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் இருன்னே. அவ என்ன பாடுபட்டான்னு உனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க இழுத்தா. பன்னெண்டு நாப்பதுக்கு மேல அவளால முடியலை. மிச்சத்த நான் குடுத்தேன். நீ கேட்டதத்தான் குடுத்தோம், ஃபின்டன்."

ஃபின்டன் மைதானத்தைவிட்டுத் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தான். இருபக்கமும் இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும் வரிசையாக நின்று வழிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நோனியை வீட்டில் முன்னறையில் கிடத்தினார்கள். மதியத்திலிருந்து சனம் வந்துகொண்டே இருந்தது. கொல்லைக் கதவு வழியாகச் சாண்ட்விச் தட்டுகள் வந்தன. ஜெர்சி துவைத்த கதையைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஃபின்டன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கையாகப் பிடித்தான். முட்டி கால்சட்டைக்குள் இறுகி, துணி விண்ணென்று நின்றது. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

நான்கு மணிக்குப் பாலின்ரோ அணி வந்தது. எல்லோரும் அணியின் பச்சைக் கோட்டு போட்டிருந்தார்கள். செனன் ஹோகனின் வலது கையில் மணிக்கட்டுவரை மாவுக்கட்டு. இடது கையை நீட்டினான். ஃபின்டன் தன் வலது கையை நீட்டி, அது பொருந்தாமல், பிறகு இடது கையால் பிடித்தான்.

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றான் செனன்.

"உன் கை…"

"ரெண்டு விரல்தான். மாடு உதைச்சாலும் இதேதான் ஆவும்."

"பால் யாரு கறக்கறா?"

"தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவன் சவப்பெட்டியருகே போய்த் தலைகுனிந்து நின்றான். பின்னால் வரிசை நகர்ந்தது. சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி அன்று அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை அடக்கம். சர்ச்சிலிருந்து கல்லறைக்குக் கால் மைல், மேடு. எங்கள் பக்கம் பெட்டியை வண்டியில் ஏற்றமாட்டார்கள். மகனும் உறவும் ஊர்க்காரரும் தோளில் சுமக்க வேண்டும். முன்பக்கம் இடது மூலை ஒரே மகனுடைய இடம். பிசியோ முன்தினம் பார்த்துவிட்டு, "என்ன பண்ணி வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசியால் இரண்டு முறை நீரும் ரத்தமும் எடுத்திருந்தார்கள்.

ஃபின்டன் தோளைக் கொடுத்தான். ஆறு பேரும் எழுந்தார்கள். மூன்றாவது அடியில் இடது முட்டி பக்கவாட்டில் மடங்கியது. பெட்டி முன்பக்கம் சரிந்தது. வாசலில் நின்ற பெண்களிடமிருந்து ஒரு சத்தம் எழும்பியது. பேக்கி லூபி பாய்ந்து அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துவிட்டார். ஃபின்டன் படியில் கையை ஊன்றிக் கிடந்தான்.

"விடு. விட்டுடுப்பா. நாங்க பாத்துக்கறோம்" என்றார் பேக்கி.

"ஒரு நிமிஷம். நிக்கிறேன். இருங்க."

நிற்க முடிந்தது. சுமக்க முடியவில்லை. இரண்டாம் முறை முயன்றபோது எடை தோளில் இறங்கும் முன்பே கால் நடுங்கியது. யாரும் அவனைப் பார்க்காமல் காத்திருந்தார்கள். பிறகு அட்ராக்டா முன்னால் வந்தாள். கோட்டைக் கழற்றினாள், நான்காக மடித்தாள், தோளில் வைத்தாள். மற்றவர்களைவிட அவள் நாலு விரல் குட்டை. கோட்டு அந்த உயரத்தைச் சரிசெய்தது. தம்பியின் இடத்தில் போய் நின்று பெட்டிக்கடியில் தோளைக் கொடுத்தாள். அவனை அவள் பார்க்கவில்லை. பெட்டி எழுந்து நகர்ந்தது.

ஃபின்டன் பின்னால் நடந்தான். சுமப்பவர்களுக்கும் மற்ற சனத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தனியாக நொண்டிக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போனபிறகு பக்கத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான். செனன். கட்டுப்போட்ட கையைக் கோட்டுக்குள் வைத்திருந்தான். அவனாலும் சுமக்க முடியாது.

மேட்டின் பாதிவரை இருவரும் ஒரே நடையில் ஏறினார்கள்.

"எத்தனை பந்து விட்டே?" என்று கேட்டான் ஃபின்டன்.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு. நான் தெரிஞ்சுக்கணும்."

செனன் கொஞ்ச தூரம் நடந்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு.

"முத பாதியில வந்ததெல்லாம் விட்டேன். எப்படிங்க ஆட முடியும்? உங்க மூஞ்சியப் பாக்கவே முடியலை. ரெண்டாம் பாதியில… இதுக்கு மேல விட்டா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன். நெசமாவே ஆடலாம்னு அந்தப் பந்துக்குத்தான் கைய நீட்டினேன்."

"எந்தப் பந்துக்கு?"

செனன் கோட்டுக்குள் இருந்த கையை லேசாக அசைத்தான்.

ஃபின்டன் நின்றுவிட்டான். பின்னால் வந்த சனமும் நின்றது. அவனுக்காக என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். செனன் முழங்கையைப் பிடித்து அவனை மறுபடி நடக்கவைத்தான்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மட்டையப் பிடிக்கவே முடியலையே. சும்மா நின்னேன்."

கல்லறையின் இரும்புக் கதவருகே ஊர்வலம் நின்றது. அங்கே தோள் மாற்றுவது வழக்கம். பெட்டிக்கடியில் அட்ராக்டாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மடித்த கோட்டு சரிந்துகொண்டிருந்தது. பேக்கி லூபி திரும்பி, புதிதாகச் சுமக்க ஆள் தேடினார். அவர் பார்வை ஃபின்டன் மேல் விழுந்தது, செனன் மேல் விழுந்தது, இருவரையும் தாண்டிப் பின்னால் போயிற்று.

"யாராவது ரெண்டு பேரு வாங்கப்பா" என்றார். "நல்லா நிக்கக்கூடியவங்களா."